ஜூன் 5-இல் மரம் நடச் சொன்னது யார்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு பழைய கிண்டல் உண்டு. உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்குக் குழி வெட்ட ஆள் தேட வேண்டாம், போன வருடக் குழி அப்படியேதான் இருக்கும் என்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தக் குழி ஏன் வருடா வருடம் காலியாகிறது என்று நின்று யோசித்தால், கதை அமெரிக்காவின் மிச்சிகனுக்கும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்கும் போய்விட்டு நம் ஊர் ஆடிக் காற்றுக்குத் திரும்பி வருகிறது.

முதலில் காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். காலை பத்தரை மணி. நுழைவாயிலில் ஃப்ளெக்ஸ் பேனர். சுவரோரம் கறுப்பு பாலித்தீன் பைகளில் வேம்பு, புங்கன், பூவரசு. முதல்வர், தாளாளர், சிறப்பு விருந்தினர், என்எஸ்எஸ் திட்ட அலுவலர் எல்லோரும் ஒரே கன்றை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். மாணவர்கள் எங்கே? பக்கத்து ஊரில் இருப்பவர்களாகப் பத்துப் பதினைந்து பேரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு வரவழைத்திருப்பார்கள். மற்றவர்கள் ஊரில் இருக்கிறார்கள், ஏனென்றால் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அப்போது கோடை விடுமுறை. பதினொன்றேகாலுக்கு டீ, பிஸ்கட். அதற்குப் பிறகு அந்தக் கன்று தோட்டக்காரரின் பொறுப்பு. அது பட்டுப்போனால் பழியும் அவருக்குத்தான்.

உண்மையில் தோட்டக்காரர் அதில் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஜூன் 5 தமிழ்க் கணக்கில் வைகாசி 22 வாக்கில் வரும். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்வார்கள். அந்த மேகத்தின் ஈரத்தில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். மலையைத் தாண்டி நமக்கு வருவது காற்று மட்டும். ஆடியில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வது அந்தக் காற்றைத்தான். ஒன்றரை அடிக் கன்றுக்கு அந்தக் காற்று இரண்டு விதத்தில் எமன்: இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது, இன்னும் மண்ணைப் பிடிக்காத வேரை ஆட்டி ஆட்டித் தளர்த்துகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் அதில் 60 சதவீதம் அந்த மூன்று மாதங்களில். இடையில் சென்னைக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியோடு மழை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜூன் மாதப் பங்கு சொற்பம்.

ஆக, ஜூன் 5-இல் நட்ட கன்று நான்கு மாதம் குடத்துத் தண்ணீரில் உயிர்வாழ வேண்டும். ஐப்பசியில் நட்ட கன்று இரண்டு மூன்று மாதம் யார் தயவும் இல்லாமல் வேர் விட்டு, தை மாசிப் பனியைக் குடித்து, ஆறு மாத வயதில் முதல் கோடையைச் சந்திக்கும். நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி, சாரல் விழும் தென்காசி ஆகிய இடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஜூன் சரியான மாதம்தான். மாநிலத்தின் மிச்சப் பகுதிகளில் உள்ள கல்லூரிகள் எல்லாம் வால்பாறையின் நாட்காட்டியில் மரம் நட்டுக்கொண்டிருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க வானிலை ஆய்வு மையம் தேவையில்லை. நடவு பற்றித் தெரிந்த எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வார். பிறகு ஏன் ஜூன்?

தேதி வந்த வழி

1972 ஜூன் 5 அன்று ஸ்டாக்ஹோமில் மனிதச் சூழல் பற்றிய ஐ.நா. மாநாடு தொடங்கியது. இந்திரா காந்தி நேரில் போய்ப் பேசிய மாநாடு அது. விருந்தளித்த ஸ்வீடனின் பிரதமரை விட்டால் அதற்கு வந்த ஒரே அரசுத் தலைமை அவர்தான். அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, மாநாடு தொடங்கிய நாளையே உலகச் சுற்றுச்சூழல் தினமாக அறிவித்தது. அவ்வளவுதான். ஜூன் 5-க்கும் மரத்துக்கும் மழைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஸ்டாக்ஹோமில் அரங்கம் கிடைத்த தேதி அது என்றுகூடச் சொல்லலாம்.

மரம் நடும் சடங்கு வேறு வழியில் வந்தது. 1950-இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 'வன மகோத்சவம்' என்ற மரநடு விழாவை ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிவைத்தார். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் நாட்டின் பெரும்பகுதிக்கு அது பொருத்தமான வாரம். பம்பாய்க்காரரான முன்ஷிக்கு ஜூலை என்றால் மழை. நமக்கு ஜூலை என்றால் ஆடித் தள்ளுபடி. காலப்போக்கில் ஜூலைச் சடங்கு ஜூன் தேதியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு இரவல் தேதிகளும் கலந்து ஒரு தமிழ்நாட்டு வழக்கமாகிவிட்டது.

பல்கலைக்கழக வளாகத்தில் சூழலுக்காக விழா எடுப்பது என்ற யோசனை இன்னொரு இடத்திலிருந்து வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதிலிருந்து தவறான பாகத்தை எடுத்துக்கொண்டோம்.

1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் வியட்நாம் போரை எதிர்த்து வகுப்புகளை நிறுத்துவதாக இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே திட்டத்தை மாற்றினார்கள்: வகுப்பை நிறுத்த மாட்டோம், விடிய விடிய நடத்துவோம். 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கிக் காலை வரை சொற்பொழிவு, விவாதம், கேள்வி. ஆயிரக்கணக்கில் மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 'டீச்-இன்' என்ற சொல் அங்கே பிறந்தது. நம் ஊர்த் திண்ணைப் பட்டிமன்றத்துக்கும் உள்ளிருப்புப் போராட்டத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று என்று புரிந்துகொள்ளலாம்.

1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துக் கசிந்தது. கரையெல்லாம் கறுப்பு, பறவைகள் எண்ணெயில் மூழ்கிச் செத்தன. விஸ்கான்சினைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் அதை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், போருக்கு எதிரான டீச்-இன்கள் பற்றிப் படித்தார். சூழலுக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியது. ஒருங்கிணைக்க டென்னிஸ் ஹேய்ஸ் என்ற 25 வயது ஹார்வர்ட் மாணவரைப் பிடித்தார். தேதி குறிக்கும்போது அவர்கள் பார்த்தது ஒரே விஷயம்: மாணவர்கள் கல்லூரியில் இருக்க வேண்டும். வசந்த விடுமுறை முடிந்திருக்க வேண்டும், ஆண்டுத் தேர்வு தொடங்கியிருக்கக் கூடாது, வார நாளாக இருக்க வேண்டும். அப்படி விழுந்ததுதான் 1970 ஏப்ரல் 22, புதன்கிழமை. அன்று லெனினின் நூறாவது பிறந்த நாள் என்று பிறகுதான் சிலர் கண்டுபிடித்து, இது கம்யூனிஸ்ட் சதி என்று கூச்சல் போட்டார்கள். சுமார் 2 கோடிப் பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. கல்லூரிகள் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம். இன்று புவி நாள் என்று நாம் கொண்டாடுவது அது.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. ஏப்ரல் 22 மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே ஒத்துவரவில்லை. அவர்களுடைய பருவத் தேர்வு முன்கூட்டியே வந்துவிடும். ஆகவே தேசமே ஏப்ரலில் கொண்டாடட்டும், நாங்கள் மார்ச்சில் வைத்துக்கொள்கிறோம் என்று மார்ச் 11 முதல் 14 வரை தனியாக நடத்தினார்கள். தொடக்க நிகழ்ச்சிக்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். மாநில ஆளுநரும் வந்தார், மாசு பற்றி எழுதிவந்த அறிவியலாளர் பாரி காமனரும் வந்தார். மாணவர்கள் ஒரு காரைக் கூண்டில் ஏற்றி விசாரணை நடத்தி, சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். டெட்ராயிட்டின் கார் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முந்தைய மாதம் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலக் கல்லூரி மாணவர்கள் இன்னும் ஒருபடி போய், புத்தம் புதிய கார் ஒன்றைக் காசு திரட்டி வாங்கிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கறுப்பின மாணவர்கள் அங்கேயே எதிர்த்துக் கேட்டார்கள்: இந்தப் பணத்தை இல்லாதவர்களுக்குச் செலவழித்திருக்கலாமே? நியாயமான கேள்வி. விழாவின் நடுவே இப்படி ஒரு கேள்வி எழ முடிந்ததே என்பதும் கவனிக்க வேண்டியது. நம் ஜூன் 5 நிகழ்ச்சியில் கடைசியாக யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டது எப்போது?

அவர்கள் விழாவுக்கு நாள் குறித்தது தங்கள் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து. நாம் எடுத்துக்கொண்டது நாளை மட்டும்; குறித்த முறையை அல்ல.

வடக்கின் வசந்தம், நம் கோடை

சூழல் சார்ந்த சர்வதேச நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மார்ச் 20 சிட்டுக்குருவி நாள், 21 காடுகள் நாள், 22 தண்ணீர் நாள். மார்ச் கடைசியில் விளக்கணைக்கும் 'புவி மணி'. ஏப்ரல் 22 புவி நாள். மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை வலசைப் பறவைகள் நாள், மே 22 பல்லுயிர் நாள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், ஜூன் 8 பெருங்கடல் நாள். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் இத்தனை நெரிசல் ஏன் என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். மொத்தமாகப் பார்த்தால், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனி உருகி, பூ பூத்து, மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரும் மாதங்கள் இவை. நமக்கோ வீட்டுக்குள் போகும் மாதங்கள். செமஸ்டர் தேர்வு நடக்கும் மாதங்களும்கூட.

கல்லூரி மரங்களுக்குக் கீழே சருகில் தத்தித் திரியும் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, ஒன்பது நிறம் என்று எண்ணலாம். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் இங்கே வந்து இறங்கும். சித்திரை பிறக்கும்போது கிளம்பிவிடும். மே மாதத்தில் வலசைப் பறவைகள் நாளுக்கு ஒரு கல்லூரி போஸ்டர் ஒட்டிச் சொற்பொழிவு வைத்தால், அரங்கத்துக்கு வெளியே ஒரு வலசைப் பறவைகூட இருக்காது. அந்த நாள் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமையும் உண்டு. அது நமக்கு அச்சாகப் பொருந்தும்; ஆனால் அதைக் கொண்டாடும் சர்குலர் நான் பார்த்தவரை அபூர்வம்.

'சிட்டி நேச்சர் சாலஞ்ச்' என்று ஒரு போட்டி உண்டு. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸும் சான் பிரான்சிஸ்கோவும் விளையாட்டாகத் தொடங்கியது. நான்கு நாட்களில் எந்த நகரத்து மக்கள் அதிக உயிரினங்களைப் படம்பிடித்துப் பதிவேற்றுகிறார்கள் என்பது பந்தயம். இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. நாள், ஏப்ரல் கடைசி. ஆஸ்திரேலியாவில் அது இலையுதிர் காலம். பூச்சியும் பூவும் குறைவு. அவர்கள் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2020-இல் 'கிரேட் சதர்ன் பயோபிளிட்ஸ்' என்று தனியாக ஒன்றைத் தங்கள் வசந்தத்தில் தொடங்கிவிட்டார்கள். தெற்குக் கோளத்துக்காரர்களுக்கு இது சீக்கிரம் உறைத்துவிட்டது, ஏனென்றால் அவர்களுடைய பருவம் தலைகீழ். நமக்கு உறைக்கவில்லை. நாம் வடக்குக் கோளத்தில்தான் இருக்கிறோம், ஆனால் நம் பருவம் அவர்களுடையது அல்ல. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்து, அதில் மழைக்காலத்தை முதலில் வைத்த மொழி நம்முடையது.

படம் எடுக்கக் காரணம்

தேதியை மாற்றினால் போதுமா? போதாது. கன்றைவிடப் புகைப்படம் ஏன் முக்கியமானது என்பதற்கும் ஒரு நிர்வாகக் காரணம் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் ஏழாவது அளவுகோல், கல்லூரிக்காரர்கள் மொழியில் 'க்ரைட்டீரியா செவன்', நிறுவனத்தின் விழுமியங்களையும் சிறந்த நடைமுறைகளையும் பார்க்கிறது. பசுமை வளாகம், கழிவு மேலாண்மை, மழைநீர் சேகரிப்பு, எரிசக்தித் தணிக்கை எல்லாம் அதில் வரும். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆதாரமாகக் கேட்கப்படுவது பெரும்பாலும் ஆவணமும் ஜியோடேக் செய்த படமும். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் கீழே விழுகிற மாதிரி போனில் ஆப் போட்டு எடுக்க வேண்டும்.

கன்று நட்ட கணத்தைப் படம் எடுக்கலாம். ஒன்பது மாதம் தண்ணீர் ஊற்றியதைப் படம் எடுப்பது கஷ்டம். குழல்விளக்கை அணைத்ததைப் படம் எடுத்தால் கறுப்பாக விழும். ஆகவே எது படத்தில் நன்றாக விழுமோ அது நிகழ்ச்சியாகிறது. கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியின் ஒருங்கிணைப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஃபைல் நிரம்ப வேண்டும். படத்தில் உள்ள அதே இடத்தில் அடுத்த ஆண்டு இன்னொரு படம் எடுத்துக் காட்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் கதையே மாறியிருக்கும்.

இன்னொரு வாய்ப்பையும் இதே மாதிரி வீணடித்தோம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் இளநிலை மாணவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதச் சூழலியல் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி கொண்டுவந்தது. பி.காம். படித்தாலும் உண்டு, பி.ஏ. தமிழ் படித்தாலும் உண்டு. அன்றைய பாடத்திட்டத்தில் ஐம்பது வகுப்புகள், அதில் களப்பணிக்கு ஐந்து. பக்கத்துக் குளத்தையோ ஆற்றையோ குன்றையோ போய்ப் பாருங்கள், பொதுவாகக் காணப்படும் செடி, பூச்சி, பறவைகளை அறிந்துகொள்ளுங்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நூற்றுக்கு 25 மதிப்பெண் களப்பணிக்கு. அந்த 25 மதிப்பெண் நடைமுறையில் எப்படிக் கிடைத்தது என்று கல்லூரி முடித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியது, மேல் அட்டையில் வண்ணப் படம் ஒட்டியது, நேரம் இருந்தால் உள்ளே படித்தது. ஆயிரம் மாணவர்கள் ஆளுக்கு ஐந்து மணி நேரம் தங்கள் வளாகத்தைக் கவனித்துக் குறித்திருந்தால், ஆண்டுக்கு ஐயாயிரம் மணி நேரக் கவனிப்பு. எந்த ஆராய்ச்சி நிதியாலும் வாங்க முடியாத சரக்கு அது.

எண்ணுகிற விழாக்கள்

அந்தச் சரக்கைத் தேடி, மேடை இல்லாத சில நிகழ்ச்சிகள் பத்தாண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் தேதியைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும்.

பிப்ரவரி மத்தியில் நான்கு நாட்கள் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய 'கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட்' 2013-இல் உலக அளவுக்கு விரிந்தது. அதன் ஓர் அங்கமாக இந்தியக் கல்வி வளாகங்களுக்கென்று இதை ஒழுங்குசெய்கிறார்கள். இதுவும் இரவல் தேதிதான், ஆனால் அதிர்ஷ்டவசமாக நமக்குப் பொருந்திய இரவல்: பிப்ரவரியில் வலசைப் பறவைகள் இங்கே இருக்கின்றன, வெயில் ஏறவில்லை, கல்லூரி நடக்கிறது. விதி எளிது. குறைந்தது 15 நிமிடம் நடக்க வேண்டும் அல்லது ஓரிடத்தில் நிற்க வேண்டும், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் என்பதுதான் இதில் உயிர். காக்கையை விட்டுவிட்டு மீன்கொத்தியை மட்டும் போட்டால் பட்டியல் பயனில்லை. பட்டியலில் இல்லாதது அங்கே தென்படவில்லை என்று நம்ப முடிந்தால்தான், பத்து வருடம் கழித்து எது குறைந்தது என்று சொல்ல முடியும். நாடு முழுவதும் இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்துதான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் குறித்த 3 கோடிப் பதிவுகள், 942 பறவை இனங்கள். அதில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று தெரிந்தது. சம்பளம் வாங்காத ஆட்கள் எண்ணியது.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இன்னும் சாமர்த்தியமானது. அதில் விடுமுறை ஒரு தடையே இல்லை. சென்னையிலும் கோவையிலும் விடுதியில் இருக்கும் பிள்ளைகள் போகியன்று பஸ் பிடித்துச் சொந்த ஊருக்குப் போகிறார்கள். மாட்டுப் பொங்கல் காலையில் கண்மாய்க் கரையில் நின்று எண்ணினால், வேறெந்த நாளிலும் பறவை பார்ப்பவர் கால் வைக்காத ஊரிலிருந்து ஒரு பட்டியல் வரும். கண்மாயில் தண்ணீரும் அப்போதுதான் இருக்கும்.

சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் நடத்தும் ஆமை நடை இன்னும் பழையது. 'ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்' 1988 முதல் இயங்குகிறது. தை தொடங்கிப் பங்குனி வரை, இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, ஆமை ஏறிய தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைப்பார்கள். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். இந்த ஆமைக்கு மீனவர்கள் வைத்த பெயரே பங்குனி ஆமை. ஆறுமணிக்குருவியின் பெயரில் கடிகாரம் இருப்பது போல் இதன் பெயரில் நாட்காட்டி இருக்கிறது; யாரும் சர்குலர் அனுப்பித் தேதி சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவைமடி வலையில் சிக்கி மூச்சுத் திணறியதே காரணம் என்று பேசப்பட்டது. அது வழக்கமான சாவா, வழக்கத்தை மீறிய சாவா என்பதை உடனே சொல்ல முடிந்தது ஏன் என்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதே மணலில் யாரோ நடந்து எண்ணிவைத்திருந்தார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய் எந்த அளவில் இருக்கிறது என்று குறிப்பது மட்டுமே வேலை. கொன்றை சித்திரைக்குப் பூக்க வேண்டும். மாசியிலேயே பூத்தால் அதைக் கவனித்து எழுத ஒரு ஆள் வேண்டும். காலநிலை மாற்றம் என்று கருத்தரங்கில் மூன்று மணி நேரம் பேசுவதை அந்தக் கொன்றை ஒரு வாரத்தில் காட்டிவிடும்.

எங்கே நடக் கூடாது

மரம் நடுவது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். சென்னை ஐஐடி 1959-இல் கிண்டிக் காட்டை ஒட்டிய நிலத்தில் எழுந்தது. இன்றும் அதன் 600 ஏக்கர் சொச்ச வளாகத்தில் புள்ளிமானும் வெளிமானும் உண்டு. வெளிமானுக்குப் பெயரிலேயே வெளி இருக்கிறது. திறந்த புல்வெளியில்தான் அது பிழைக்கும். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்டு ஓடுவதற்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் புல்வெளியைக் காலி இடம் என்று நினைத்துக் கன்று நட்டால் நடுவது நிழல் அல்ல, வேலி.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் குடியேறியபோது எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அந்தப் புதர்க்காட்டை அழிக்காமல் அதற்குள் மரங்களைச் சேர்த்தார். வேதியியல்காரர், ஆனால் செடி கொடி தேடுவதில் பித்து. நீலகிரியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு செடிக்கு அவர் பெயரே இருக்கிறது. 365 ஏக்கரில் இன்றும் நிற்கும் அந்தப் பசுமை ஒரு நாள் விழாவில் வந்ததில்லை. ஒரு ஆள் பல வருடம் காலையும் மாலையும் நடந்ததில் வந்தது.

எந்த மரம் என்பதும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் சாய்ந்தவற்றில் சாலையோர மயில்கொன்றையும் இயல்வாகையும் ஏராளம். சீக்கிரம் வளரும், பூத்தால் அழகு, வேர் ஆழம் போகாது. நர்சரியில் மலிவாகக் கிடைப்பதைத்தான் ஜூன் 5-க்கு மொத்தமாக வாங்குகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. நடுத்தரக் கல்லூரி ஒன்று நாளுக்கு 1,000 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆண்டுக்கு 255 டன். நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ உறிஞ்சும் என்று பரவலாகச் சொல்லும் கணக்கை எடுத்துக்கொண்டால், நட்ட நூறு கன்றும் பிழைத்துப் பெரிதானாலும் இரண்டு டன். மின்கட்டண ரசீதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது கன்று நடுவதைவிடப் பெரிய காலநிலை நிகழ்ச்சி. அதற்குச் சிறப்பு விருந்தினராக எந்த அதிகாரியும் வர மாட்டார் என்பதுதான் சிக்கல். மரம் கார்பனுக்காக மட்டும் இல்லை, நிழலுக்கும் பறவைக்கும் என்பது சரி. அப்படியானால் ஃப்ளெக்ஸில் காலநிலை என்று எழுத வேண்டாம்.

சரி, ஐப்பசிக்கு மாற்றிவிடலாமே? இதை ஒரு துறைத் தலைவரிடம் சொன்னால் உடனே சில தடைகள் சொல்வார், எல்லாமே உண்மை. அக்டோபர் தொடக்கத்து வன உயிரின வாரம் பல வருடங்களில் ஆயுத பூஜை விடுமுறையோடு மோதும். தீபாவளி வரும். பிறகு மழை, மழை என்றால் காலை ஆறு மணிக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. சிறப்பு விருந்தினருக்கு நாள் கொடுத்துவிட்டு அன்று கொட்டினால் பேனர் நனையும், பந்தல் விழும், படம் எடுக்க வெளிச்சம் இருக்காது. கன்றுக்கு நல்ல நாள் விழாவுக்குக் கெட்ட நாள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மழை விட்ட மறுநாள் காலை, மண் இன்னும் மண்வெட்டிக்கு இளகியிருக்கும்போது, அதில் மூன்று மணி நேரத்தை எடுத்து இருபது பேர் போனால் நூறு கன்று முடிந்துவிடும். முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும். வருகைப் பதிவேட்டில் 'ஓடி', அதாவது ஆன் டியூட்டி, மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும்.